குளிர் வேண்டும் மேப்பிளும் கிணற்றுக்கட்டு ஆலும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிப் போகிறவர்கள், கொக்குவிலையும் இணுவிலையும் கடந்ததும், மரக்கறி மூடைகள் ஏறி இறங்கும் சந்தையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் பெண்மக்களின் கல்விக்கென நிறுவிய கல்லூரியும், உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் திருவுருவமும் விளங்குகின்ற மருதனார்மடத்தை அடைவார்கள். நல்லூர்த் திருவிழாவை முன்னிட்டு ஆடி ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் உறவினர் வந்து தங்குகிற காலத்தில், இச்சந்தியைச் சூழ்ந்த ஒழுங்கைகளின் வீட்டு விறாந்தைகளிலே கைத்தொலைபேசிப் படங்கள் கைமாறும்; அவற்றுள் பிள்ளைகளின் படங்களுக்கும் பனிக்காலப் படங்களுக்கும் இடையில், ஸ்காபரோவிலோ ஹரோவிலோ உள்ள வீடொன்றின் வாசலருகே, அடி முதல் நுனி வரை செக்கச் சிவந்த இலைகளோடு தாழ்ந்து விரிந்து நிற்கும் சிறு மரமொன்றின் படமும் பெரும்பாலும் இருக்கும். அது ஜப்பானிய மேப்பிள். அதைக் காட்டிவிட்டு, “அண்ணை, இந்த மரத்திலை ஒரு கண்டு கொண்டந்து எங்கடை வளவுக்குள்ளை வைக்கேலாதோ?” என்று கேட்பார்கள். “வைக்கலாம் தம்பி, ஆனா இஞ்சை அது தங்காது” என்பதே நான் எப்போதும் சொல்லும் விடை. ஏன் தங்காது என்பதையும், தங்கும் தேசத்தில் அதை எவ்வாறு பேணவேண்டும் என்பதையும், அந்த மரத்தின் மீது நமக்கு உண்டாகும் ஆசையை நம்முடைய செம்மண்ணிலே எந்த வழியில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏசர் பால்மேட்டம் என்று தாவர நூலார் வழங்கும் இம்மரம் ஜப்பானிலும் கொரியாவிலும் மலைக்காடுகளின் பெருமரங்களுக்குக் கீழே, வடிகட்டி இறங்கும் வெயிலில் வளர்ந்து பழகிய சிறு விருட்சம். இருபது முப்பது அடிக்கு மேல் உயர்வது அரிது. விரித்த உள்ளங்கையைப்போல் ஐந்தாகவும் ஏழாகவும் சிலவேளை ஒன்பதாகவும் பிளவுபட்ட அதன் இலைகள் கிளையின் இருபுறத்திலும் சோடி சோடியாக எதிரெதிரே அமையும். விதைகளும் இறக்கை கட்டிய சோடிகளாகவே காற்றில் சுழன்று விழும். ஜப்பானியர் இம்மரத்தைப் பல நூற்றாண்டுகளாகத் தோட்டங்களில் பேணித் தெரிந்தெடுத்ததன் பயனாக, இலை நூலிழையாய்க் கிழிந்தவை, பட்டை பவளநிறமானவை, இளந்தளிர் செந்தீநிறமானவை என்று இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் வழக்கில் உள்ளன. மேலைநாட்டாருக்கு அதனை முறையாக விவரித்துக் காட்டியவர் சுவீடன் தேசத்துத் தாவரவியலாளரான கார்ல் பீட்டர் துன்பெர்க்; ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1775ஆம் ஆண்டில் நாகசாகித் துறைமுகத்திற்குச் சென்று, அந்நியருக்கு அடைபட்டுக் கிடந்த அந்நாட்டில் அரிதிற் கிடைத்த அனுமதிகளைக்கொண்டு செடிகொடிகளைச் சேகரித்த அவர், 1784இல் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலிலே இம்மரத்தைச் சேர்த்தார். அதே துன்பெர்க் ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில், 1777இல், கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்த நமது இலங்கைக்கும் வந்து சில மாதங்கள் தங்கி இங்குள்ள தாவரங்களையும் திரட்டினார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. நம் வேலிகளிலும் பந்தல்களிலும் நீலப்பூப் பூத்துத் தொங்கும் துன்பேர்ஜியாக் கொடி அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் துன்பெர்க்கின் பெட்டியில் இலங்கைச் செடியும் ஜப்பானியச் செடியும் உலர்ந்த நிலையில் அருகருகே கிடக்கக்கூடுமேயன்றி, உயிரோடு ஒரே வளவில் நிற்க முடியாது. மேப்பிள் மரத்தின் வாழ்க்கைக் கிரமத்தில் குளிர்காலம் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய துன்பமன்று, இன்றியமையாத ஓய்வு. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலைக்காம்பின் அடியிலே ஒரு மெல்லிய தடுப்புப் படலம் உண்டாகி இலைக்கும் கிளைக்கும் இடையிலுள்ள போக்குவரத்தைப் படிப்படியாக அடைக்கின்றது. பச்சையம் சிதைந்து மறைய, இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக்கொண்டு அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் உருவாகின்றது. வெயிலுள்ள பகலும் குளிர்ந்த இரவும் அடுத்தடுத்து வாய்த்த ஆண்டில் அச்செம்மை மிகுந்து ஒளிரும். பின்னர் இலை முழுவதும் உதிர்ந்து, சேமித்த மாச்சத்தை வேரிலும் தண்டிலும் அடக்கிக்கொண்டு மரம் உறங்குகிறது. பூச்சியத்திற்குச் சற்று மேற்பட்ட குளிரிலே இரண்டு மூன்று மாதமாவது கழிந்தாலன்றி அதன் மொட்டுகளுக்குள் இருக்கும் தடை நீங்குவதில்லை. விதைகூட ஈரமான குளிரில் மூன்று மாதமளவு கிடந்த பிறகே முளைக்க இசைகிறது.

மருதனார்மடத்தில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கு கொண்டுவரப்பட்ட மேப்பிள் கன்று முதலாண்டில் பழைய சேமிப்பைக்கொண்டு தளிர்த்து, வைத்தவரைப் பெரிதும் மகிழ்விக்கும்; அடுத்த ஆண்டில் உறக்கமில்லாமையால் தாறுமாறாக ஓரிரு மொட்டுகளை மட்டும் அவிழ்த்து, சேமிப்பையெல்லாம் செலவழித்து, அதன்பின் கிளைகிளையாக மடிந்துபோகும். சீதோஷ்ணம் மட்டுமா பகை? நம் செம்மண்ணின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீரிலும் அதே சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. சற்றுப் புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் மேப்பிளுக்கு அந்நீரை வார்க்க வார்க்க, மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேர் உறிஞ்ச இயலாமல், நரம்பு பச்சையாக இருக்க இலையின் எஞ்சிய பகுதி வெளுத்து மஞ்சளாகும். இவற்றோடு வைகாசியில் எழும்பி மாதக்கணக்காக வீசும் சோளகக் காற்றும் சேர்ந்தால், நீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்த மெல்லிய இலைகளின் ஓரம் கருகாமல் தப்பாது. நுவரெலியாவை ஒத்த ஆறாயிரம் அடி உயர மலைப்பிரதேசத்திலே ஓரளவு முயன்று பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணத்திலோ அதற்கு வழியே இல்லை. சாடியோடு குளிர்ப்பெட்டியில் வைத்து உறங்கச் செய்கிறவர்கள் சில வெப்ப தேசங்களில் உண்டு. இலையற்ற காலத்தில் மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லையாதலால் அது முற்றிலும் அறிவீனமான உபாயமென்று சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சிய ஒன்பது மாதத்துச் சூட்டை எந்தப் பெட்டி தணிக்கும்?

இணையத்தில் நீல மேப்பிள், வானவில் மேப்பிள் என்று பலவர்ணப் படங்களோடு விதைப் பொட்டலம் விற்கிறவர்களைப் பற்றியும் இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். நீல இலையுள்ள மேப்பிள் உலகில் எங்கும் இல்லை. உண்மையான விதையும் தாய்மரத்தின் வர்ணத்தை அப்படியே தருவதில்லை. பெயர்பெற்ற வகைகள் எல்லாம் நாற்றின்மேல் ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகின்றன. பெட்டிக்குள் ஒளித்துக் கன்று கொண்டுவர நினைப்பவர்கள், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் செடியைக் கொண்டுவருதல் குற்றமென்பதை நினைவில் வைக்கவேண்டும். இச்சட்டத்தின் நோக்கம் நம் தோட்டங்களின் நன்மையே. ஒரு பிடி அந்நிய மண்ணோடு வரும் பூச்சியோ பூஞ்சணமோ, உடுவில், சுன்னாகம் பகுதித் தோட்டக்காரர் ஒரு போகத்தில் போட்ட முதலையெல்லாம் அழித்துவிடக்கூடும்.

இனி, அந்த மரம் தங்கும் நாட்டிலே வாழும் நம் மக்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். கனடாவின் கொடியில் 1965 முதல் விளங்கும் இலை, பாகு தரும் அந்நாட்டுப் பெரிய மேப்பிளின் சாயலில் அமைந்தது. அது பனியையும் காற்றையும் அஞ்சாத மரம். அதன் ஜப்பானிய உறவோ அவ்வளவு வன்மையுடையதன்று. ரொறன்ரோவிலே அதை நடுகிறவர்கள் வடமேற்குக் காற்று நேரே அடிக்காத மூலையைத் தெரிந்தெடுக்கவேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வாய்த்த கிழக்கு வாசல் மிகச் சிறந்தது. வீதிப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு வேரடிக்கு வந்து சேரும் விளிம்பில் நடலாகாது. குழியை ஆழமாக வெட்டி மரத்தைப் புதைப்பதே பெரும்பாலோர் செய்யும் தீங்கு. வேர்கள் தண்டிலிருந்து பிரியும் இடம் மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நடவேண்டும். மரப்பட்டைத் தூளை வேர்ப்பரப்பின்மேல் மூன்று அங்குலக் கனத்தில் பரப்பலாம், ஆனால் தண்டைத் தொடும்படி குவித்தால் பட்டை அழுகும். வேரடி எப்போதும் ஈரமாயிருக்க வேண்டும், ஒருபோதும் சேறாயிருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் தளிர் விரிந்த பின்னர் திடீரென்று வரும் ஓரிரவு உறைபனி அவ்வளவு தளிரையும் கருக்கிவிடும். அத்தகைய இரவில் பழைய சீலையொன்றால் மூடிவைத்தால் போதும்.

பச்சையாய் நின்ற மரத்தில் கோடைக்காலத்திலே ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால், அதை வெட்டிக் குறுக்குமுகத்தைப் பார்க்கவேண்டும். அங்கே கருமையான புள்ளிகளோ கீற்றுகளோ தென்பட்டால், மண்ணிலிருந்து ஏறி நீர்க்குழாய்களை அடைக்கும் வேர்ட்டிசிலியம் என்னும் பூஞ்சண நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, நோயுற்ற கிளையை நீக்கி, கத்தியை மதுசாரத்தால் துடைத்து, மரத்தின் பலத்தைக் காக்க முயல்வதொன்றே செய்யக்கூடியது. அம்மரம் இறந்துபோனால் அதேயிடத்தில் இன்னொரு மேப்பிளை நடலாகாது. கிளை கழிப்பதற்கும் காலமுண்டு: குளிர்காலத்தின் முடிவில், மொட்டு விரியுமுன், சாறு பெருகியெழும் தறுவாயில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நாட்கணக்காக நீர் சொட்டும். இலை முழுவதும் விரிந்து முற்றிய நடுக்கோடையோ, இலை உதிர்ந்த பின்வரும் முன்பனியோ உகந்தது.

போன்சாய்க் கலையில் இந்த மேப்பிளுக்கு உள்ள இடம் மிக உயர்ந்தது. 1923ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சியால் டோக்கியோ அழிந்தபோது, அந்நகரத்துச் சாடிமர வல்லுநர் சிலர் நல்ல நீரும் காற்றும் தேடி ஓமியா என்னும் இடத்திற்குப் போய் 1925இல் ஒரு கிராமத்தையே அமைத்தார்கள். இன்றும் அக்கிராமம் இருக்கிறது. அதன் அருகே 2010இல் இக்கலைக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. அங்கே மேப்பிளைப் பேணும் முறை வருமாறு: மொட்டு பருத்து இன்னும் விரியாத வசந்தத் தொடக்கத்தில் சாடியிலிருந்து எடுத்து, வேர்ப்பந்தின் ஒரு பகுதியைக் கழித்து, பருக்கையான எரிமலை மண்ணில் மீண்டும் நடுவார்கள். இளமரத்துக்கு ஓரிரு ஆண்டுக்கொருமுறையும் முதுமரத்துக்கு அதனினும் தாழ்த்தும் இது நிகழும். தளிர்க்கும் காலத்தில் முதற்சோடி இலைகள் பிரியத் தொடங்கியதும், அவற்றின் நடுவே மடிந்திருக்கும் குருத்தைச் சாமணத்தால் மெல்லக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். இரண்டொரு நாள் தவறினால் கணுவிடை நீண்டுவிடும், நீண்ட கணுவிடையை எந்த வித்தையாலும் குறுக்க முடியாது. மேப்பிளின் பட்டை மிக மெல்லியதாதலால், வளைத்துக் கட்டிய அலுமினியக் கம்பி சில வாரத்தில் தசைக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் மாறாத வடுவை உண்டாக்கும். பொறுமையுள்ளவர்களோ கம்பியைக் குறைத்து, கத்தரிக்கோலாலேயே உருவத்தைக் காண்பார்கள்.

இக்கலை ஒரு மரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையே நம் ஊரார் உணரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். பெருமரமொன்றின் முதுமையையும் கம்பீரத்தையும் ஒரு முழ உயரத்தில் காட்டுதலே அதன் இலட்சியம். அந்த முதுமைக்கும் கம்பீரத்துக்கும் நம்மிடம் ஆலைவிடச் சிறந்த மரம் வேறென்ன உண்டு? மருதனார்மடத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும், பழைய கிணற்றுக்கட்டின் உட்புறத்திலே, சாந்து உதிர்ந்த இடுக்கிலிருந்து, ஆலோ அரசோ இத்தியோ ஒன்று எட்டிப் பார்ப்பதைக் காணலாம். நம் பனங்கூடல்களிலோ இதைவிட அற்புதமான காட்சி இருக்கிறது: கருக்குமட்டை இடுக்கில் காகமோ வௌவாலோ விட்டுச்சென்ற விதை முளைத்து, பனையின் உடலைச் சுற்றி வேர்களை இறக்கி, அவ்வேர்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, ஈற்றில் பனையின் வட்டு மாத்திரம் ஆலின் தலைக்குமேல் தெரியும்படி நிற்கும் மரங்கள். பாறையையோ மரத்தையோ வேர் தழுவி நிற்கும் அந்த உருவத்தைச் சாடியில் உண்டாக்கவே ஜப்பானியக் கலைஞர் பல்லாண்டு பாடுபடுகிறார்கள். அது நமக்கு வழியோரத்துக் காட்சி.

கிணற்றுக்கட்டிலும் மதிலிலும் முளைத்த கன்று நாற்றுமேடையிலிருந்து வாங்கியதைவிட விசேஷமானது. மண்ணில்லாத இடுக்கிலே நெடுங்காலம் நெருக்குண்டு வாழ்ந்ததனால், விரற்பருமன் உள்ள தண்டுகூட அடி பருத்து, முடிச்சிட்டு, வேர் தட்டையாய் விரிந்து, முதுமரத்தின் சாயலை ஏற்கெனவே பெற்றிருக்கும். மழை ஓய்ந்து வெப்பம் ஏறத் தொடங்கும் மாசி பங்குனி மாதங்களில், இடுக்கின் சாந்தைச் சிற்றுளியால் பெயர்த்து, கூடியமட்டும் நார்வேர் அறாமல் அதை எடுக்கவேண்டும். தலையை ஒரு சாண் அளவுக்குக் குறைத்து, இலைகளில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம், அஞ்ச வேண்டியதில்லை. வெட்டுவாயில் வெண்பால் பொங்கி வடியும். தண்ணீரால் கழுவி, பால் நிற்கும் வரை நிழலில் வைக்கவேண்டும், கையில் பட்டால் சிலருக்குக் கடிக்கும். அரித்தெடுத்த செங்கல்துண்டு, சிறு சல்லி, பருமணல் ஆகியவற்றோடு சிறிது மக்கிய ஆட்டெரு கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நட்டு, கண்ணாடிபோன்ற பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் தண்டின் பட்டையைப் பிளந்துகொண்டு செந்நிற மொட்டுகள் வெளிப்படும். நம் செம்மண் தோட்டத்துக்கு எவ்வளவு சிறந்ததாயினும் தாழ்ந்த சாடிக்கு ஆகாது. அதன் நுண்துகள் இறுகி வேருக்குக் காற்றில்லாமற் செய்யும். கடற்கரை மணலை உப்பின் காரணமாக விலக்கவேண்டும்.

ஆலும் இத்தியும் சுண்ணாம்பை அஞ்சாதவை. ஆகையால் நம் கிணற்று நீர் அவற்றுக்குக் கேடு செய்வதில்லை; ஆனால் சாடியின் விளிம்பிலும் இலையிலும் வெள்ளைப் படிவு உண்டாகுமாதலால், மாரியில் பிடித்த மழைநீரால் இடையிடையே கழுவுதல் நன்று. சோளகம் வீசும் மாதங்களில் காலையும் மாலையும் நீர் வார்க்கவேண்டும். சாடிக்குக் கீழே தட்டு வைத்து நீரைத் தேக்குவது வேரையும் அழுகச் செய்யும், டெங்கு நுளம்புக்கும் இடம் கொடுக்கும்; அவ்வழக்கத்தை அறவே விடவேண்டும். ஜப்பானியர் கடுகின விதைகளின் பிண்ணாக்கை உருண்டையாக்கிச் சாடியின்மேல் வைப்பதுபோல, நாம் எள்ளுப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிநீரை ஊற்றலாம். நன்றாகப் பலம்பெற்ற மரத்துக்குச் சித்திரையில் காம்பை விட்டு இலைகளையெல்லாம் நறுக்கிவிட்டால், அடுத்து வரும் இலைகள் முன்னையவற்றிலும் சிறியனவாய், நெருங்கியனவாய் வரும். கம்பி கட்டினால் கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்கு கனமுள்ளதாகப் பார்த்துக் கட்டி, மாதத்துக்கு இருமுறையாவது அது அழுந்துகிறதா என்று பார்க்கவேண்டும். நம் வெப்பத்தில் ஆல் விரைந்து பருக்கும்.

நிதானமுள்ளவர்கள் புளியையும் முயலலாம். இயல்பாகவே சிற்றிலை கொண்டதும், இளமையிலேயே பட்டை வெடித்து முதுமை காட்டுவதும், அந்தி மயங்கியதும் இலை மடக்கி உறங்குவதுமான அது, சாடிமரத்துக்கென்றே படைக்கப்பட்டதோ என்று தோன்றும். வர்ணத்தை விரும்புகிறவர்களும் மனம் தளரவேண்டியதில்லை. அரசின் தளிர் செம்புநிறத்தில் ஒளிர்ந்து காற்றில் நடுங்கும். நம் வளவுகளில் நிற்கும் நாட்டு வாதுமை, வரட்சிக் காலத்தில் இலை உதிர்க்குமுன், மேப்பிளுக்குச் சற்றும் குறையாத செம்மையில் மாறும். வெள்ளாப்பில் அதன் கீழே விழுந்து கிடக்கும் இலையொன்றை எடுத்துப் பார்த்தால், நடுநரம்பின் அருகே இன்னும் பச்சை எஞ்சியிருக்க, ஓரத்திலிருந்து மஞ்சளும் செம்மஞ்சளும் குருதிச்சிவப்பும் ஒன்றையொன்று துரத்திவருவதைக் காணலாம். சருகென்று விளக்குமாற்றால் கூட்டி எரிக்கப்படும் அவ்விலையும், ஸ்காபரோவின் வாசலில் படம்பிடிக்கப்படும் இலையும் சிவப்பது ஒரே பொருளால்தான்.

மரத்தைச் சாடியில் அடைத்துக் குறுக்குவது ஜீவஹிம்சையல்லவா என்று வயோதிபர் சிலர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் போன்சாய் மரம் பட்டினி போடப்பட்ட மரமன்று. வேருக்குப் புதுமண்ணும், கிரமமான நீரும், அளவான பசளையும் காட்டுமரத்துக்குக் கிடைப்பதைவிட அதற்கு மிகுதியாகவே கிடைக்கின்றன. ஹிரோஷிமாவில் குண்டுவீச்சுக்குத் தப்பிய பைன் மரமொன்று, 1625 முதல் சாடியில் வளர்க்கப்பட்டது என்று கணிக்கப்படுவது, 1976இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு இன்றும் வாஷிங்டனில் உயிரோடிருக்கிறது. பேணுகிறவர் கை மாறிமாறித் தொடர்ந்தால் சாடிமரத்துக்கு நிலத்து மரத்தினும் நீண்ட ஆயுள் கிடைக்கவும் கூடும்.

உண்மையான வதை வேறிடத்தில் நடக்கிறது. திருவிழாவுக்கு முன்னர் கோயில் மதில்களையும் கூரைகளையும் துப்புரவு செய்கையில், ஆற்றல் மிக்க அந்த ஆல், அரசு, இத்திக் கன்றுகளைக் கத்தியால் சீவி, அடியில் அமிலத்தை ஊற்றிவிடுகிறார்கள். கட்டடத்தைக் காக்க அவற்றை அகற்றத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் சீவுகிறவர்கள் ஓர் உளியையும் ஈரச்சாக்கு ஒன்றையும் கூடக் கொண்டுபோனால், ஒரு மதிலிலிருந்தே பத்துப் பேருக்குப் போதிய கன்றுகள் கிடைக்கும். நம் பாடசாலைகளின் விவசாயப் பாட ஆசிரியர்கள் மாணவரை அழைத்துக்கொண்டு இப்பணியில் இறங்கலாம். திருப்பணிச் சபையார் முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லலாம். பங்குனி பிறந்துவிட்டால் காலம் பிந்தாது செய்யவேண்டும், ஏனென்றால் வைகாசியில் சோளகம் எழும்பிய பிறகு எடுத்த கன்று நிழலிலும் பிழைப்பது கடினம்.